கடலுக்கும் நகருக்கும் நடுவே

நுழையும்முன்

உணவையும் உடையையும் வேற்றூரிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். உறையுளுக்கு வேண்டிய நிலத்தை அவ்வாறு வருவிக்க இயலாது. வளரும் நகரங்களின் வீட்டுச் சிக்கலுக்கு இதுவே அடிப்படை. அதனைப் புதுச்சேரியின் கடலோரப் பகுதி ஒன்றின் வழியே அறிவோம்.

புதுச்சேரியின் பழைய நகருக்கு வடக்கே, வங்கக் கடலோரம் அமைந்துள்ளது குருசுக்குப்பம். குப்பம் என்னும் சொல் இங்கு மீனவர் வாழும் கடற்கரை ஊரைக் குறிக்கும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2001இல் 9,74,345. 2011இல் அது 12,47,953 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு உயர்வு! விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பலர் நாள்தோறும் இந்நகருக்குப் பணிக்கு வந்து செல்கின்றனர். வேலைக்கு அருகிலேயே குடியேற விழைவோரும், சுற்றுலாப் பயணியருக்கு விடுதி நடத்துவோரும் அதே நிலத்தையே நாடுகின்றனர்.

பொருளியலில் 'தேவை' என்பது வெறும் விருப்பமன்று. விலை கொடுக்கும் ஆற்றலோடு கூடிய விருப்பமே தேவை. விலை ஏறினால் பொதுவாகப் பொருளின் அளிப்பும் பெருகும். நிலத்துக்கு இவ்விதி பொருந்துவதில்லை. மாடிகளை உயர்த்தலாம், இலாசுப்பேட்டை, வில்லியனூர் எனப் புறத்தே நகரை விரிக்கலாம். ஆயினும் கரையை நீட்ட முடியாது.

குருசுக்குப்பத்திலோ கரை குறுகவே செய்தது. இக்கடலில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அதனால் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே கரை அரிப்புற்றது. எஞ்சிய நிலத்தைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் பயன்பட்ட மணல்வெளி சுருங்கியது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கரையோரக் கட்டுமானங்களுக்கு வரம்பும் விதித்தது.

இந்நிலையில் பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடும்பமாகும்போது அவர்கள் எங்கே செல்வர்? தொலைவில் மலிவாக வீடு கிடைக்கலாம். ஆனால், மீனவர்க்கு வீடு உறங்கும் இடம் மட்டுமன்று. காற்றையும் அலையையும் கணித்து, விடியுமுன் தொழிலுக்குப் புறப்படும் இடமுமாகும். கரையை விட்டு நீங்கினால் வாடகை குறையும். பயணச் செலவு கூடும். கடலைக் கண்ணால் கண்டு முடிவெடுக்கும் வாய்ப்பும் போகும்.

சந்தை, பணத்தின் குரலையே கேட்கும்; பணமில்லாதவரின் இன்றியமையாமை அதன் செவிக்கு எட்டாது. அதனைக் கேட்பது அரசின் கடமை. குடியிருப்புத் திட்டங்கள் வீடுகளின் எண்ணிக்கையை மட்டுமன்றி, வீட்டுக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள தொலைவையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கூரை கொடுத்து அதன் தொழிலைப் பறித்தால், அது முழுமையான உறையுள் ஆகாது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வீட்டு வாடகை உயர்ந்ததற்கான காரணங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, தேவை, அளிப்பு எனப் பிரித்து வகுப்பில் கலந்துரையாடுக.