படம் வருகிறது, ஆள் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

குற்றவாளி யார் என்பதைக் கடைசிவரை ஒளித்து வைப்பது துப்பறியும் படம். உளவியல் திகிற்படம் அப்படியன்று. தீங்கு செய்பவரை முன்னரே காட்டிவிட்டு, அவர் விரித்த வலையில் மற்றவர் மனம் தானே சென்று விழுவதைக் காட்டுவது அது. கர்ட்டிஸ் டேவிட் ஹார்டர் இயக்கிய ‘இன்ஃப்ளூயன்சர்’ (2022) என்னும் ஆங்கிலப் படம் இவ்வகைக்கு நல்ல சான்று.

மேடிசன் என்ற பெண் தாய்லாந்தில் தனியே தங்கியிருக்கிறாள். தன் வாழ்க்கையையே சமூக ஊடகத்தில் காட்சிப்பொருளாக்கிப் பிழைப்பவள். கடலும் உணவும் அவளுக்குப் பின்னணித் திரைகளே. சலித்துக் கிடப்பவள், கேமராவைக் கண்டதும் மலர்ந்து சிரிக்கிறாள்.

இதை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிடலாமா? ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை 1957-இல் நூலாக வெளியிட்டனர். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாவோ கொத்திக்கொண்டே இருக்கும். 2009-இல் முகநூலில் வந்த ‘லைக்’ பொத்தானும் அத்தகைய தானியந்தான். மேடிசன் கர்வக்காரி என்பதைவிடப் பசித்தவள் என்பதே பொருந்தும்.

உடன் வரவேண்டிய காதலன் ரயன் வரவில்லை. அந்தத் தனிமையில் சி.டபிள்யூ. என்பவள் தோழியாகிறாள், ஆளில்லாத தீவொன்றுக்கு அழைத்துச் சென்று, மேடிசனை அங்கேயே விட்டுவிட்டுப் படகோடு திரும்பிவிடுகிறாள். பின்னர் மேடிசனின் கணக்கில் நுழைந்து, கணினியின் துணையால் அவள் உருவத்தைப் புதிய இடங்களில் பொருத்தி வெளியிடுகிறாள். படம் வருகிறது, ஆகவே ஆளும் நலமே என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது என்று ஒளியியலில் படித்தோம். இங்கே திரையில் விழுவதெல்லாம் மாய பிம்பமே! (பேராசிரியர் பொறுத்தருள்க.)

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’விலும் (1960) கதைத்தலைவி பாதியிலேயே மறைந்துவிடுகிறாள். ஆனால் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வராததால் தங்கையும் காதலனும் துப்பறிவாளரும் தேடுகின்றனர். அங்கே மௌனம் ஆட்களை எழுப்பியது. இங்கே மௌனமே இல்லை, அதுதான் கொடுமை. லட்சம்பேர் பார்க்கும் ஒருத்தியைத் தேட நாதியில்லை.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுதியிலிருந்து நான் எத்தனை படம் அனுப்பினாலும் அவருக்குப் போதாது. இரவில் பேசியாக வேண்டும். “என்ன சாப்பிட்டே? குரல் ஏன் கம்மியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அறைத்தோழர்கள் சிரிப்பார்கள். இப்படத்தைப் பார்த்த பின் அந்தக் கேள்விகளை நான் இடைமறிப்பதில்லை. மேடிசனிடம் அப்படிக் கேட்டவர் யார்?

சி.டபிள்யூ. ஏன் இவ்வாறு செய்கிறாள் என்பதைப் படம் விளக்கிச் சொல்லவில்லை. சிலர் அதைக் குறை என்பர். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. காரணம் சொன்னால் அச்சம் குறைந்துவிடும். உண்மையான குறை பிற்பகுதியில்தான். ஜெசிக்கா என்ற இன்னொருத்தியை அவள் குறிவைக்கும் வேளையில் ரயன் தேடி வருகிறான். அதன்பின் படம் வழக்கமான துரத்தலாகிவிடுகிறது. தீவில் விடப்பட்டவள் என்ன ஆனாள் என்பதை, பார்க்கப்போகும் நண்பர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.