முயலின் உபவாசம்

கேள்வி: கருப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின், எங்கள் முயல் நேற்று மாலை முதல் எதையும் தொடவில்லை. பசித்தால் தானே உண்ணும் என்கிறார்கள், காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: கூடாது, அம்மா. முயலின் ஜீரண உறுப்புகள் இடையறாது இயங்கும்படி அமைந்தவையாதலால், மயக்க மருந்தின் மிச்சமும் தையலின் வேதனையும் சேர்ந்து அதனை ஆகாரத்தை விலக்கச் செய்யுமாயின், குடலின் அசைவு மந்தித்து, வாயு பெருகி, அதனால் வலி மிகுந்து, அவ்வலியினாலேயே உணவில் வெறுப்பு இன்னும் வளரும். 12 மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருப்பின் அது அவசர நிலையே. சிகிச்சை செய்த வைத்தியரிடமோ, குடப்பனக்குன்னிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்கோ இப்பொழுதே எடுத்துச் செல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது வலி நிவாரணி. பசியைத் தூண்டும் மருந்தெல்லாம் பிறகுதான். (நம் வீட்டு மாத்திரைகளைப் பிரயோகிக்கும் சாகசம் வேண்டாம்.) வயிற்றில் உப்புசமோ அடைப்போ இல்லையென்று அவர் உறுதி கூறிய பின்னரே, ஊறவைத்துக் குழைத்த முயல் தீவனத்தை, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கடைவாய் வழியே, அது விழுங்க அவகாசம் தந்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். உலர்ந்த புல் எப்போதும் அருகில் இருக்கட்டும். கழுவிய அருகம்புல்லையும் கொத்தமல்லித் தழையையும் ஈரத்தோடு மூக்கருகே நீட்டிப் பாருங்கள், அந்த வாசனைக்கு இணங்காத முயல் அரிது. வாழைப்பழம் காட்டி ஆசை மூட்டுவது வேண்டாம். சர்க்கரை குடலை மேலும் கெடுக்கும். புழுக்கை பழைய பருமனில் விழத் தொடங்கும்வரை தினமும் கவனித்து வாருங்கள்.