வயசாச்சுல்லா?



மக்கா, பாட்டா கொஞ்ச நாளாய் வாசலை விட்டு இறங்குவதில்லை, பாட்டி அந்தி நேரத்தில் வெளியே போவதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள். ஏன் என்று கேட்டால் குளச்சலில் எந்த வீட்டிலும் கிடைக்கிற பதில், "வயசாச்சுல்லா" என்பதுதான். அந்தப் பதிலை அப்படியே ஏற்காதே என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நடமாட்டமும் பேச்சும் குறைந்துபோன முதியவரிடம், வயதைக் குற்றம் சொல்லுமுன் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கடலில் வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை; தண்ணீரில் பட்டுக் கண்ணுக்கும் ஏறுகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 பேரைப் பற்றி 1988-இல் வெளியான ஆய்வு, புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒரு வகைக் கண்புரை கூடுதலாக வந்ததைக் காட்டியது. வள்ளத்தில் நாற்பது வருடம் கழித்தவர்களின் ஊரில் அது தூரதேசத்துச் சேதி அல்ல. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயது தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம். புரையை எடுத்து லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கிற பார்வை அது.

கண் மங்கினால் முதலில் அடிபடுவது கால். சிமெண்ட் படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயது கடந்த 306 பெண்களைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியான சோதனையில், புரை அறுவை சீக்கிரம் செய்யப்பட்டவர்கள் விழுவது, காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைந்தது. விழுந்துவிடுவோம் என்ற பயம் வந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத தசை இளைக்கிறது. இளைத்த கால் மறுபடி தடுக்குகிறது. மனத்துக்கு நேர்வதும் இதே போலத்தான். எதிரே வருகிறவர் முகம் தெரியாததால் பேசாமல் கடந்தவரை ஊர் 'கனம் பிடித்த ஆள்' என்கிறது. அவர் சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போவதை ஒவ்வொன்றாய் விடுகிறார். மூளைக்கு வந்துகொண்டிருந்த முகமும் எழுத்தும் நிறமும் குறைகின்றன. மறதி நோயைப் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல், மாற்றக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாகச் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவையும் சேர்த்தது.

2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 3,038 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்றது. நீ மடக்கிக் கேட்கலாம்: மறதி தொடங்கியவர்களை வீட்டார் அறுவைக்கு அழைத்துப் போவதில்லை, அதனால்தான் கணக்கு அப்படித் தெரிகிறதோ? நியாயமான சந்தேகம். பார்வையைத் திருப்பித் தராத கண் அழுத்த அறுவையையும் அதே ஆய்வு சோதித்தது. அங்கே அந்த நன்மை தென்படவில்லை. அறுவைக்குப் போகும் தெம்புள்ளவர்கள் என்பது மட்டுமே காரணமானால் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும். முழு நிரூபணம் ஆகாது, ஆனால் என் சந்தேகத்தைப் பாதியாக்கிய சான்று. விழுவதைப் பற்றி எதிர்ச்சான்றும் உண்டு. சிட்னியில் 70 வயது கடந்த 616 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான சோதனையில், கண்ணைச் சோதித்துச் சிகிச்சை தரப்பட்டவர்கள் அதிகமாக விழுந்தார்கள். புதுக் கண்ணாடி பழகும்வரை தரை ஏறி இறங்கித் தோன்றுவது காரணமாகலாம். கண்ணாடி மாற்றிய முதல் வாரங்களில் கைத்துணை வேண்டும் என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

"புரை நல்லா முத்தட்டும்" என்பது பழைய காலத்து யோசனை. மிக முற்றிய புரையை எடுப்பதுதான் சிரமம். செலவென்பதும் பெரிய தடையல்ல. கண் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் வந்த அவர்களின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப், வெளிநாட்டு விலையில் இருந்த லென்ஸை ஏழைக்கு எட்டும் பொருளாக்கியது. நமக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

திரும்பாத பார்வையும் உண்டு. கண் அழுத்தமும் முற்றிய சர்க்கரை நோயும் பறித்ததைப் பெரும்பாலும் மீட்க முடியாது, மிச்சத்தைக் காக்கலாம். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இல்லாத மனிதர்களும் பூக்களும் கோலங்களும் கண்முன் தெரியும். சுவிஸ் அறிஞர் சார்ல் பொன்னே 1760-இல் தன் பாட்டனாருக்கு நேர்ந்ததை எழுதி வைத்ததால் பொன்னேயின் பெயரே அதற்கு வழங்குகிறது. அறிவு தெளிவாகவே இருக்கும். உள்ளீடு குறைந்த மூளை தானாகப் படம் வரைகிறது, அவ்வளவுதான். இங்கே அதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லையேல் பேய் என்பார்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற கிழவரின் தனிமை, அவருடைய கண் நோயைவிடக் கொடியது. உன்னிடம் யாராவது சொன்னால் சிரிக்காதே. மருத்துவரிடம் அழைத்துப் போ.

ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றது மங்குவது பல வருடம் தெரியாமலே போகும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியைக் கேள். பிறகு மற்றக் கண்ணுக்கும் கேள்.