பழைய டிராக்டரில் ஃபேன் பெல்ட் அடிக்கடி கழன்று விழுவது ஏன்?

1960களிலும் 1970களிலும் நம் ஊர்களுக்கு வந்த மாஸி பெர்குசன், இன்டர்நேஷனல், ஜீட்டர் வகை டிராக்டர்களில் சில இன்றும் உழவுக்கும் வண்டி இழுக்கவும் பயன்பட்டு வருகின்றன. இத்தகைய பழைய டிராக்டர்கள் பலவற்றில் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய டைனமோ இருந்தது. டைனமோ பழுதானபோது அதை எடுத்துவிட்டுப் பலரும் ஆல்டர்னேட்டர் பொருத்திக்கொண்டனர். இது நல்ல மாற்றமே. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். டைனமோவால் அவ்வாறு தர இயலாது. ஆனால் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் சிலருக்குப் புதிய தொல்லை ஒன்று தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் பெல்ட் கழன்று விழுகிறது. மீண்டும் மாட்டி இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார்கள். இரண்டு நாள் ஓடுகிறது, மறுபடியும் கழல்கிறது. புதிய பெல்ட் வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

பெல்ட் கழல்வதற்குப் பெரும்பாலும் பெல்ட் காரணமல்ல. அது ஓடும் பாதை கோணலாக இருக்கிறது, அல்லது அது உட்காரும் இடம் அதற்குப் பொருந்தவில்லை. இதைக் கண்டறியாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது, காலில் தைத்த முள்ளை எடுக்காமல் மருந்து தடவுவதைப் போன்றது.

கழன்றால் வரும் நட்டம்

பெரும்பாலான டிராக்டர்களில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு, ரேடியேட்டர் விசிறி ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. அது கழன்றதும் எஞ்சினைச் சுற்றி நீர் ஓடுவது நின்றுவிடும். ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்காது. சேற்றுழவு போன்ற கடும் வேலையில் சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்துவிடும். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் கருகலாம், சிலிண்டர் ஹெட் வளையலாம், பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகலாம். ஒரு பெல்ட்டின் விலை எங்கே, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு எங்கே!

பெல்ட் கழன்றது தெரிந்தவுடன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று எண்ணக்கூடாது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவும் கூடாது. சூடான எஞ்சினில் கிணற்று நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். தானாக ஆறிய பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

வி பெல்ட் வேறு, தட்டைப் பெல்ட் வேறு

ஆயில் எஞ்சினில் தட்டைப் பெல்ட் ஓட்டிப் பழகியவர்கள் அதே வழக்கத்தை இங்கும் கையாளுகிறார்கள். தட்டைப் பெல்ட் ஓடும் புல்லியின் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும். பெல்ட்டுக்கு அந்த மேட்டை நோக்கி ஏறும் இயல்பு உண்டு. அதனால் புல்லிகள் சிறிதளவு கோணலாக இருந்தாலும் அது தானே நடுவுக்கு வந்துவிடும். வி பெல்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. புல்லியில் வெட்டிய காடிக்குள் அது ஆப்பு போல இறங்கி, இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டு ஓடுகிறது. காடியின் அடியை அது தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு இறங்கவில்லை என்று பொருள், பிடிப்பு போய்விடும்.

தட்டைப் பெல்ட்டுக்குப் போடும் மெழுகு, குங்கிலியம் போன்றவற்றை வி பெல்ட்டுக்குப் போடக்கூடாது. சிறிது நேரம் பிடிப்பதுபோல் தோன்றும். பிறகு தூசியும் உமியும் ஒட்டிக்கொண்டு காடியையே கெடுத்துவிடும்.

கழன்ற பெல்ட்டைப் பாருங்கள்

கழன்ற பெல்ட்டை உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். வெளிச்சத்தில் வைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. இரு பக்கமும் கண்ணாடி போலப் பளபளத்தால் தளர்வாக ஓடி வழுக்கியிருக்கிறது. அடிப்பக்கம் மினுமினுத்தால் காடியின் அடியைத் தொட்டு ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் ஏதோ ஒரு புல்லி சுற்றாமல் நின்றிருக்கிறது. ஆல்டர்னேட்டர் அல்லது தண்ணீர் பம்பின் பேரிங் இறுகியிருக்கலாம். பெல்ட் உப்பி மெதுவாகியிருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. எஞ்சினின் முன்பக்க ஆயில் சீலில் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும் என்பது நம் கருத்து. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது அந்தப் பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டு போவது நல்லது.

நேர் பார்க்கும் முறை

டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தும்போது பழைய தாங்கி பெரும்பாலும் அப்படியே பொருந்துவதில்லை. பட்டறையில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து ஏதோ ஒரு விதமாக மாட்டித் தருகிறார்கள். தொல்லையின் வேர் பெரும்பாலும் இங்குதான் இருக்கிறது.

முதலில் பாட்டரியின் எர்த்து வயரைக் கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டரின் பெரிய முனை எப்போதும் பாட்டரியோடு இணைந்தே இருக்கும். ஸ்பானர் பட்டால் நெருப்புப் பறக்கும். பிறகு பெல்ட்டைக் கழற்றி, நேரான இரும்புப் பட்டை ஒன்றைக் கிராங்க் புல்லியின் முன்முகத்தில் படிய வைத்து, ஆல்டர்னேட்டர் புல்லிக்கு முன்னால் வரை நீட்டிப் பிடியுங்கள். பட்டையிலிருந்து கிராங்க் புல்லிக் காடியின் நடு எவ்வளவு தூரம், ஆல்டர்னேட்டர் புல்லிக் காடியின் நடு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருப்பதே சரி. புல்லிகளின் விளிம்புத் தடிப்பு வேறுபடும் என்பதால், முகத்தை முகத்தோடு ஒப்பிடாமல் காடியைக் காடியோடு ஒப்பிட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இரு புல்லிகளின் மையங்களுக்கு இடையே 30 செ.மீ. தூரம் இருந்தால் 2½ மி.மீ. வரை வேறுபாடு இருக்கலாம். இதுவே மேல் எல்லை. இதற்கும் குறைவாக இருப்பதே நல்லது. எடுத்துக்காட்டாக, மையத் தூரம் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். கிராங்க் புல்லியில் 12 மி.மீ., ஆல்டர்னேட்டரில் 17 மி.மீ. என்று அளவு வந்தால், ஆல்டர்னேட்டர் 5 மி.மீ. எஞ்சின் பக்கம் பின்தள்ளி இருக்கிறது. பெல்ட் கழல்வதற்கு இது போதும். கீழ்த் தாங்கிக்கும் ஆல்டர்னேட்டரின் காதுக்கும் இடையே 5 மி.மீ. நீளமுள்ள புஷ் ஒன்றை வைத்து அதை முன்னே கொண்டுவர வேண்டும். நான்கைந்து வாஷர்களை அடுக்குவதைவிடக் கடைசல் பட்டறையில் ஒரே புஷ்ஷாகச் செய்து வாங்குவது மேல். வாஷர் அடுக்கு நாளடைவில் அமுங்கித் தளர்ந்துவிடும். மேலேயுள்ள இழுப்புப் பட்டையையும் அதே 5 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டும். கீழே மட்டும் நகர்த்திவிட்டு மேலே பழையபடியே இறுக்கினால் ஆல்டர்னேட்டர் சாய்ந்து நிற்கும்.

சாய்வையும் இதே பட்டையால் அறியலாம். ஆல்டர்னேட்டர் புல்லியின் இரு எதிர் விளிம்புகளுக்கும் பட்டையிலிருந்து தூரம் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் அது சாய்ந்திருக்கிறது. நிற்கும்போது நேராக இருந்து, பெல்ட்டை இறுக்கியதும் சாய்வதும் உண்டு. தாங்கியின் துளை தேய்ந்து போல்ட் ஆடினால் இப்படி நேரும். பெல்ட்டை இறுக்க இறுக்கச் சாய்வும் கூடும். அதனால்தான் இறுக்கியவருக்கு மேலும் விரைவில் கழல்கிறது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் போடுவதும், மெல்லிய தாங்கியை எடுத்துவிட்டுத் தடித்த இரும்பில் புதிதாகச் செய்வதுமே இதற்கு வழி.

ஆட்டமும் தள்ளாட்டமும்

விசிறியின் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினாலோ பம்பின் பேரிங்கோ சீலோ போய்விட்டது. ஆல்டர்னேட்டர் புல்லியையும் அவ்வாறே அசைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவரைக் கொண்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றவைத்து, கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து கவனிக்க வேண்டும். நடு போல்ட் தளர்ந்தாலோ சாவி தேய்ந்தாலோ அது தள்ளாடும். தகட்டுப் புல்லியின் விளிம்பு வளைந்திருப்பதும் உண்டு. பெல்ட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றியவர்கள் விட்டுச்செல்லும் அடையாளம் அது. அப்படி நெம்பும்போது பெல்ட்டுக்குள் இருக்கும் வலிவு நூலும் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது; ஓடும்போது பெல்ட் காடிக்குள்ளேயே புரண்டு வெளியே வரும்.

காடியும் பெல்ட்டும்

இந்த வகை எஞ்சின்களில் 13 மி.மீ. மேலகலமுள்ள பெல்ட்டும் 10 மி.மீ. பெல்ட்டும் வழக்கத்தில் உள்ளன. கிராங்க் புல்லியின் காடி 13 மி.மீ. பெல்ட்டுக்கு வெட்டியதாகவும், புதிதாக வந்த ஆல்டர்னேட்டரின் புல்லி 10 மி.மீ. பெல்ட்டுக்கு உரியதாகவும் இருந்துவிடலாம். அகலப் பெல்ட்டைப் போட்டால் ஆல்டர்னேட்டர் புல்லியில் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, சிறு அசைவிலும் கழலும். குறுகிய பெல்ட்டைப் போட்டால் கிராங்க் புல்லியில் அடிவரை இறங்கி வழுக்கும். எந்த பெல்ட்டும் இதற்குத் தீர்வாகாது. மூன்று புல்லிகளின் காடியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சரியான பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்கும்.

ஆல்டர்னேட்டர் புல்லியை மாற்றும்போது அதன் பின்னால் உள்ள சிறு விசிறித் தகட்டை, நேர் வரவில்லை என்பதற்காகக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது ஆல்டர்னேட்டரைக் குளிரவைக்கும் விசிறி. அது இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும்.

கதிரடிக்கும் காலத்தில் வைக்கோல் துணுக்கு காடிக்குள் சிக்கியும் பெல்ட் கழலும். அன்றாடம் ஒருமுறை பார்த்துத் துடைத்தால் போதும். அம்பாசிடர் காருக்கும் ஜீப்புக்கும் இதுவரை சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால், அதில் கண்ட ஆல்டர்னேட்டரை மாட்டும் வழக்கம் இன்று அதிகம்.

மாட்டுவதும் இறுக்குவதும்

கீழ் போல்ட்டையும் மேல் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கையாலேயே ஏறும். பிறகு மரக்கட்டையால் ஆல்டர்னேட்டரின் புல்லிப் பக்கத்து முகப்பில் மட்டும் நெம்பி இழுக்க வேண்டும். பின்பக்கத்து அலுமினிய உடலில் நெம்பினால் அது உடையும். இரு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்குவது பொதுவான அளவு. உங்கள் டிராக்டரின் கைப்புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பு, ஆல்டர்னேட்டர் இரண்டின் பேரிங்கும் விரைவில் தேயும்.

புதிய பெல்ட் ஓடத் தொடங்கியதும் சற்று நீளும். அரை மணி நேரம் ஓட்டிய பின் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு இறுக்கத்தை மீண்டும் பார்க்க வேண்டும். 10 மணி வேலைக்குப் பின் இன்னொரு முறை, அதன் பிறகு 50 மணிக்கு ஒரு முறை பார்த்துவந்தால் போதும். எஞ்சின் ஓடும்போது தோளில் துண்டோடு பெல்ட் அருகே குனிய வேண்டாம்.

டிராக்டரின் முன்பலகையில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போது அது மீண்டும் எரிந்தால் பெல்ட் கழன்றிருக்கலாம். உடனே நிறுத்திப் பாருங்கள். பல பழைய டிராக்டர்களில் இந்தப் பல்பு எரிந்துபோய் ஆண்டுக்கணக்காகிறது. அதனால் நீராவி எழும்பும் வரை ஓட்டுபவருக்குச் செய்தி தெரிவதில்லை. பலவகை ஆல்டர்னேட்டர்கள் மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கே இந்தப் பல்பின் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் தேவை. எனவே ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லை என்று அதைக் கழற்றும் முன், சாவியைத் திருப்பி இந்தப் பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.