வாய்ப்பேச்சில் போன நெல்: துறைமுகத்தில் படித்த ஒப்பந்தப் பாடம்



நான் சிவில் டிப்ளமோ படித்தவன். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கட்டுமான ஒப்பந்ததாரர்களிடம் பதினோரு வருஷம் பில் போடும் வேலை பார்த்தேன். இப்போது மீஞ்சூர் பக்கம் மூணு ஏக்கரில் மரபு நெல் போடுகிறேன். துறைமுக வேலையில் இருந்தபோது ஒப்பந்த மேலாண்மை, திட்ட மேலாண்மை என்று ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ராயபுரத்தில் ஒரு கூடத்தில் வகுப்பு. சான்றிதழை வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டேன், மறந்தும் போனேன்.

மறந்ததற்கு விலை கொடுத்தது நான் மட்டும் இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது குடும்பம். நகரத்திலிருந்து ஒரு கடைக்காரர் களத்துக்கே வந்தார். "மாப்பிள்ளைச் சம்பா அரிசி மூணு டன் கொடுங்கண்ணே, கிலோ 80 ரூபா" என்றார். தலையாட்டினோம். அரைத்து அனுப்பிய பிறகு, "குருணை ஜாஸ்தி, ஈரம் இருக்கு, 62 தான் கட்டும்" என்று போன் வந்தது. அரைத்த அரிசியை வைக்க இடமில்லை, கொடுத்துவிட்டோம். 54,000 ரூபாய் நட்டம். மீதிப் பணமும் நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் பக்கத்து வயல் பெரியம்மா அடகு வைத்த சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. அவங்க கோபப்படவில்லை. "நீ படிச்ச புள்ளதானேப்பா, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாங்க.

அன்று ராத்திரி பெட்டியைத் திறந்தேன். அந்த நோட்டிலிருந்து நமக்கு ஆகிற மூன்று பாடங்களை இங்கே எழுதுகிறேன்.

பாடம் 1: கையில் இல்லாததை நம்பி வேலையைத் தொடங்காதே

சென்னைத் துறைமுகம் முதல் மதுரவாயல் வரை பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 19 கிலோமீட்டர், 1,815 கோடி ரூபாய்த் திட்டம். தூண்கள் எழுந்தன. 2012-ல், கூவத்தின் ஓட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியும் பழைய ஒப்பந்தம் உயிர் பெறவில்லை. இரண்டடுக்குச் சாலையாக மாற்றி 2022-ல் மறுபடி அடிக்கல். மதிப்பீடு 5,000 கோடியைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட பத்து வருஷமும் தூண்கள் ஆற்றில் சும்மா நின்றன.

சிமென்ட்டோ ஆளோ இல்லாமல் அந்த வேலை நிற்கவில்லை. இடமும் அனுமதியும் சண்டையில் மாட்டியதால் நின்றது. நமக்கும் இதே கேள்விகள்தான். குத்தகை நிலம் அறுவடை வரை நம் கையில் இருக்குமா? பி.ஜி.எஸ். சான்று தேதிக்குள் வருமா? மரபு நெல்லைத் தனியாக அரைத்துத் தர மில்காரர் ஒத்துக்கொண்டாரா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் "மூணு டன் தர்றேன்" என்று சொல்லாதீர்கள்.

பாடம் 2: ஒரே பக்கம், ஏழு விஷயம்

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டுடையது. அதன்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் தகராறு வந்தால் பேசியதை நிரூபிக்க வேண்டும். அதனால் எழுதுங்கள்:

1. பொருள்: ரகம், அளவு, புழுங்கலா பச்சையா, குருணை எத்தனை சதவீதம் வரை, ஈரம் எவ்வளவு வரை. ஒரே மூட்டையிலிருந்து இரண்டு மாதிரிப் பை எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இது இருந்திருந்தால் 'குருணை ஜாஸ்தி' என்ற பேச்சே வந்திருக்காது.
2. எடை, சோதனை: எங்கே, யார் முன்னால், எத்தனை நாளுக்குள். அதற்குப் பிறகு குறை சொல்லக் கூடாது.
3. விலை: சாக்கு, லாரி, ஏற்றுக்கூலி யாருடையது என்பதோடு.
4. பணம்: முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதி.
5. தாமதம்: யார் பிந்தினாலும் என்ன இழப்பீடு. நமக்கு மட்டும் அபராதம் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு பெரிய தொகை எழுதினாலும், 74-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கொடுக்கும்.
6. வெள்ளம், புயல், வறட்சி: அப்போது தேதி எத்தனை நாள் தள்ளும், முன்பணம் என்னவாகும்.
7. இடுபொருள்: என்ன இடுவது என்பது உழவர் முடிவு. வாங்குபவர் மருந்தையோ விதையையோ திணிக்கக் கூடாது.

நடுவில் எது மாறினாலும் போனில் பேசிவிட்டு, அன்றே எழுத்தில் அனுப்புங்கள். துறைமுக வேலையில் எழுத்தில் உத்தரவு இல்லாத கூடுதல் வேலைக்கு என்னால் ஒரு பில்கூடப் பாஸ் பண்ண முடிந்ததில்லை.

2019-ல் தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. விதைக்கும் முன்பே விலை பேசுகிறவர்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது பற்றி வேளாண் விற்பனைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் 3: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு

பிப்ரவரி 10-ல் அரிசி கடையில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாரி, எடை 2 நாள், மூட்டை கட்ட 3, அரைக்க 5, காய வைக்க 4, அறுக்க 2. மொத்தம் 16 நாள். அப்படியானால் ஜனவரி 25-ல் அறுப்பு தொடங்க வேண்டும். ரகத்துக்கு 160 நாள் என்றால் ஆகஸ்ட் 18-ல் விதை நாற்றங்காலில் இருக்க வேண்டும். மழைக்கு 10 நாள் ஒதுக்கினால் ஆகஸ்ட் 8. அதாவது ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு.

இதில் ஒரு வேலை ஒரு நாள் தள்ளினால் முடிவும் ஒரு நாள் தள்ளும். இப்படி வேலைகளைக் கோத்துக் கணக்கிடும் முறை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. சாக்கு அச்சடிப்பது, சான்று வாங்குவது எல்லாம் பக்கத்தில் தனியாக ஓடும். நாலு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. நம் கண் இருக்க வேண்டியது கோத்த வேலைகள் மேல். செப்டம்பரில் விதைத்துவிட்டு பிப்ரவரி 10 என்று கையெழுத்துப் போட்டால், போடும்போதே வாக்குத் தவறிவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்த பட்டத்தில் இந்த ஒரு பக்கத் தாளோடு போனோம். முதல் வியாபாரி, "இவ்ளோ எழுதணுமா?" என்று கிளம்பிவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டாமவர் மூன்றாவது வரியை மாற்றச் சொன்னார், பேசி மாற்றினோம். அந்த வருஷம் மழையில் அறுப்பு எட்டு நாள் தள்ளியது. ஒதுக்கிய பத்து நாளுக்குள் அடங்கியதால் சண்டை இல்லை, விலையும் குறையவில்லை.

கையெழுத்துப் போடும் முன் பெரியம்மா தாளை வாங்கிப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாது. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படி" என்றாங்க. இரண்டு முறை படித்தேன். பயிற்சியில் யாரும் சொல்லித் தராத பாடம் அது. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவருக்கும் புரியும்வரை ஒப்பந்தம் முடிந்ததாகாது. உங்கள் குழுவிலும் அப்படியே செய்யுங்கள்.