பையில் ஒரு சின்னக் கத்தி: சட்டம் என்ன சொல்கிறது?



சின்ன காஞ்சிபுரம் பகுதியில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில், பூ விற்கும் சகோதரி ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னார். திருவிழாக் கூட்டத்தில் பூக்கூடையோடு போனபோது, சோதனையில் அவருடைய சுருக்குப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்திருக்கிறார்கள். வாழைநார் கிழிக்கவும், மாலை முடிச்சை அறுக்கவும் வைத்திருக்கும் கத்தி அது. "இது எதுக்கும்மா?" என்று கேட்டதும் அவருக்கு வாய் எழவில்லை. இரண்டு மணி நேரம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். "கத்தி போனா போவுது அக்கா, பூவெல்லாம் வாடிப்போச்சு. அந்த வாரம் சந்தா கூட கட்ட முடியல" என்றார்.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் இரண்டு பேச்சு எழுந்தது. "இனிமே யாரும் கத்தியே எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார் ஊக்குநர். பட்டுக்கடையில் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு இளம் உறுப்பினரோ, "நான் பெரிய கத்தியா ஒண்ணு வாங்கி வச்சுக்கப் போறேன். எவன் கிட்ட வர்றான்னு பார்க்கலாம்" என்றார்.

ஒன்று பயத்தில் வந்த பேச்சு. மற்றொன்று கோபத்தில் வந்த பேச்சு. சட்டம் தெரிந்தால் இரண்டுமே தேவைப்படாது. கத்தி விஷயத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

1. அது என்ன பொருள்?

நம் நாட்டில் இதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உள்ளது. தாக்குவதற்காகவோ தற்காப்புக்காகவோ செய்யப்பட்ட பொருள்தான் ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதம் அல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே காய் நறுக்கும் கத்தி, அரிவாள்மனை, நெல் அறுக்கும் அரிவாள் ஆகியவற்றை வைத்திருப்பது குற்றமில்லை.

ஆயுத விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் வருகின்றன. பிள்ளைகளின் சின்ன ஸ்கேல் 6 அங்குலம். அதைப்போல் ஒன்றரை மடங்கு 9 அங்குலம். வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இந்த அளவுக்கு மேல் இருந்தாலும் பட்டியலில் சேராது. நம் பூக்கார சகோதரியின் கத்தி மூன்று அங்குலம் கூட இல்லை.

ஆனால் பட்டனை அழுத்தினால் வெளியே பாயும் கத்தியை வாங்காதீர்கள். டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, இப்படிப்பட்ட கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குலம் நீளமும், 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே உரிமம் தேவை. சரஸ் கண்காட்சிக்குப் பட்டுச்சேலை விற்க டெல்லி போகும் உறுப்பினர்கள் இதை நினைவில் வையுங்கள். பார்சல் பிரிக்க ஒரு கத்தரிக்கோல் போதும்.

2. நாம் எங்கே இருக்கிறோம்?

வீட்டில் குற்றமில்லாத பொருளுக்கு வேறு இடத்தில் தடை இருக்கலாம். 2019-இல் 48 நாட்கள் நடந்த அத்திவரதர் வைபவத்தில் நம் ஊர் எவ்வளவு கூட்டத்தைப் பார்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரங்களில் பாதுகாப்புக்காகக் கட்டுப்பாடு விதிப்பார்கள். "144 போட்டிருக்காங்க" என்று நாம் சொல்லும் தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163-ஆவது பிரிவாக உள்ளது. அது அமலில் இருக்கும்போது என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது. எடை போட்டு அனுப்பும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

3. அதை வைத்து என்ன செய்கிறோம்?

இதுதான் முக்கியமான கேள்வி. தக்காளி நறுக்கும் கத்தியை ஒருவர் முகத்துக்கு நேராக நீட்டி மிரட்டினால் அது குற்றம். முன்பு இ.பி.கோ. 506 என்று சொன்னது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-ஆவது பிரிவு. கத்தியால் காயப்படுத்தினால் 118-ஆவது பிரிவு. தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் கையில் இருந்த கத்தியை ஓங்கிவிட்டு, "சும்மாதான் காட்டினேன்" என்று சொன்னால் எடுபடாது.

அப்படியானால் இரவில் தனியாக வரும் பெண் என்ன செய்வது? தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. புதிய சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. பாலியல் வன்கொடுமை செய்ய வருபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. ஆபத்து நீங்கிய பிறகு துரத்திப் போய்த் தாக்கினால் அது தற்காப்பு ஆகாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பழக்கமில்லாதவர் கையில் உள்ள கத்தியை எதிரி பிடுங்கிவிட்டால், அது நம் மேலேயே திரும்பும். அந்த இளம் உறுப்பினருக்கு அன்று குழு எடுத்த முடிவு எங்களுக்குப் பிடித்திருந்தது. அதே பாதையில் வேலை முடித்து வரும் நான்கு பெண்கள் சேர்ந்து வருவது, இரவு வேலைக்கு வண்டி ஏற்பாடு செய்யும்படி முதலாளியிடம் குழுவாகப் போய்க் கேட்பது. இதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினார்கள்.

சோதனையின்போது நம் உரிமை

• பதறாதீர்கள். பையை நீங்களே திறந்து காட்டுங்கள். "நான் பூ கட்டுறவங்க, நார் கிழிக்க வச்சிருக்கேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழு அடையாள அட்டை இருந்தால் காட்டுங்கள்.
• கைதான பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். பெண் காவலரை வரச் சொல்லிக் கேட்கலாம்.
• கைது செய்து பொருளை எடுத்தால் அதற்கு ரசீது தர வேண்டும்.
• சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்குள் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, நீதித்துறை நடுவரிடம் முன் அனுமதி பெற வேண்டும்.
• வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

குழுவில் பேசுங்கள்

1. நம் உறுப்பினர்கள் தொழிலுக்காக என்னென்ன கூர்மையான பொருள்களைக் கொண்டுபோகிறார்கள்? உறை போட்டு வைக்கிறார்களா?
2. யார் யார் இரவில் தனியாக வருகிறார்கள்? அவர்களுக்குக் குழு என்ன செய்யலாம்?
3. பெண் காவலரை வரச் சொல்லிக் கேட்பது எப்படி? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

அந்தப் பூக்கார சகோதரி இப்போது கூடையில் ஒரு மழுங்கல் முனைக் கத்தரிக்கோல் வைத்திருக்கிறார். "கேட்டா பதில் சொல்லுவேன் அக்கா, இனிமே வாய் அடைச்சு நிக்க மாட்டேன்" என்கிறார். எல்லா உறுப்பினர்களும் இப்படிச் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.