நூல் கட்டாமல் ஒரு தும்பிப் பாடம்

தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத பிள்ளைகள் நம் கிராமங்களில் குறைவு. "பாவம், விட்டுவிடு" என்றால் நாம் அங்கே நிற்கும்வரை விடுவார்கள், அவ்வளவுதான். அதே கைக்கு வேறொரு வேலை கொடுத்தால் நிலைமை மாறுகிறது. பாலக்கோடு பகுதியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களோடு நான் செய்துவரும் வேலையை இங்கே பகிர்கிறேன். தேவையானவை ஆசிரியரின் கைப்பேசி, ஒரு நோட்டு, தண்ணீர் உள்ள ஓர் இடம்.

பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, தும்பலஅள்ளி அணை என்று தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்து ஏரிக்கரையும் நெல் வயல் வரப்பும் போதும். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டைப் பக்கம் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. அதில் வழுக்கி விழுந்தால் பெரியவர்களே ஏறி வருவது கடினம்.

முதல் நாள் ஒரே கேள்வி: உட்காரும்போது சிறகை விரிக்கிறதா, மடிக்கிறதா? விரித்து உட்கார்ந்தால் தும்பி. முதுகின்மேல் சேர்த்து மடித்தால் பெரும்பாலும் ஊசித்தும்பி. ஊசித்தும்பியின் இரு கண்களும் விலகி நிற்கும். தும்பிகள் பலவற்றின் கண்கள் தலையில் ஒன்றையொன்று தொடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்ட பிள்ளை அதன்பின் எந்தத் தும்பியையும் வெறுமனே கடந்து போவதில்லை.

அடுத்து நிறம். இங்கேதான் பாடம் சுவையாகிறது. நீர்நிலை ஓரத்தில் மிளகாய்ப்பழம்போல் சிவந்து நிற்பது குரோகோதெமிஸ் செர்விலியா ஆண். அதன் பெண்ணோ வெளிர்மஞ்சள். பிள்ளைகள் இவற்றை இரண்டு இனமாகத்தான் எழுதுவார்கள், எழுதட்டும். விளையாட்டுத் திடல் தரையிலேயே உட்காரும் சிறிய தும்பி டிப்ளகோடஸ் டிரிவியாலிஸ். இளம் ஆணும் பெண்ணும் பச்சை கலந்த மஞ்சள். ஆண் முதிர முதிர நீலப்பொடி பூசியதுபோல் மாறும். பாதி மாறிய ஒன்றைப் படம் எடுத்துவிட்டால் அந்த ஒரு படமே விளக்கிவிடும். கருங்கல் பாறையிலும் சிமெண்ட் சுவரிலும் ஒட்டினாற்போல் உட்காரும் பிராடினோபைகா ஜெமினேட்டா, கல்லின் நிறத்திலேயே இருக்கும். கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. பாறைகள் நிறைந்த நம் மாவட்டத்தில், உருமறைப்புக்குப் பனிக்கரடி படம் காட்டுவதைவிட இதைத் தேடச் சொல்வது மேல்.

படம் எடுக்க நல்ல நேரம் காலை. இரவுக் குளிர் நீங்கி உடல் சூடேறும்வரை தும்பி எளிதில் பறக்காது. பெரிய வகைகளின் ஒரு கூட்டுக்கண்ணில் ஏறத்தாழ 30,000 சிறு கண்கள்வரை உண்டு. அசைவு உடனே அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே குனிந்து, மெதுவாக, நம் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்க வேண்டும். பறந்துவிட்டால் துரத்த வேண்டாம், அங்கேயே காத்திருங்கள். பல தும்பிகள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வைக்கும் வித்தை வகுப்பறையில் எனக்குக் கைவந்ததில்லை. தும்பிக்கு அது வருகிறது! கண்ணில் குவியம் வைத்துப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தால் இனம் காண எளிது. நடுப்பகலில் சில தும்பிகள் வாலை வானை நோக்கி நிமிர்த்தி நிற்கும். உடலில் படும் வெயிலைக் குறைக்கும் உத்தி அது. நிழல்களின் நீளத்தோடு இணைத்துக் கணக்குப் பாடத்துக்கும் கொண்டு போகலாம்.

வாழ்க்கைச் சுழற்சிக்கு வண்ணத்துப்பூச்சியையே காட்டிப் பழகிவிட்டோம். தும்பிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. முட்டை, நீரில் வாழும் இளரி, பிறகு நேரே தும்பி. நாணல் தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோலை எடுத்துவந்து மேசையில் வைத்தால் நூறு கேள்விகள் வரும். இளரி கொசுப்புழுவைத் தின்னும். அதற்காகத் தொட்டியைக் கழுவாமல் விடலாமா என்று கேட்கும் மாணவர் உண்டு. குடிநீர்த் தொட்டியைக் கழுவத்தான் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பியைத் தவறவிடாதீர்கள். பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்னும் அதே இனம், அக்டோபர் முதல் மாலத்தீவில் கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், அவை இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்த் திரும்புவது ஒரே தும்பி அல்ல, அதன் தலைமுறைகள். சமூக அறிவியல் ஆசிரியர் பருவக்காற்று வரைபடத்தோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டிய இடம் இது.

நோட்டில் தேதி, நேரம், இடம், வானிலை, எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். பெயர் பிறகு வரட்டும். இனம் காண கே.ஏ. சுப்பிரமணியன் 2005இல் வெளியிட்ட தீபகற்ப இந்தியத் தும்பிகள் கையேடு உதவும். சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் ஆரஞ்சுச் சிறகுத் தும்பி ஒன்று உண்டு, பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. ஓர் ஏரியில் மற்றவை குறைந்து இது மட்டும் பெருகினால் அந்தத் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரு நாள் கணக்கை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. மாதம் இருமுறை, அதே கரை, அதே நேரம் என ஓராண்டாவது எண்ண வேண்டும். இப்போது எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் தேர்ச்சி பெற்றுப் போகும்போது, நோட்டை ஏழாம் வகுப்பில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி சொல்லியிருக்கிறேன்.